இரண்டு வரி போதும்

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு ஊரில் ஒரு வேலை நிரந்தரம்: பாராட்டு மடல் எழுதுவது. வங்கி மேலாளர் ஓய்வு பெறுவார், தெருப்பையன் ஒருவன் பெரிய கல்லூரியில் இடம் வாங்குவான், கோயில் திருப்பணிக்கு யாராவது பெருந்தொகை கொடுப்பார். இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி வரும். “மேடம், நாளைக்குக் காலைல லேமினேஷன் குடுக்கணும். ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்கு என்ன, அஞ்சு நிமிஷ வேலை.” என் கவிதைகளைப் படித்தவர்களைவிட என் மடல்களைப் படித்தவர்கள் அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவற்றைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். கவிதைத் தொகுப்பை யாரும் கூடத்தில் மாட்டுவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் நாங்கள் இருக்கும் நகரில் ஒரு சின்னப் பூங்கா உண்டு. மனை பிரித்தபோது பொதுவுக்கென்று விட்ட இடம். பல வருடம் முள்ளும் கட்டட இடிபாடுமாகக் கிடந்தது. இப்போது ஐந்து புங்க மரம், இரண்டு வேம்பு, ஓரமாக அரளியும் நந்தியாவட்டையும், நான்கு சிமெண்ட் பெஞ்சு. குடியரசு நாளன்று அங்கே கொடியேற்றிவிட்டு, பூங்காவைக் காத்து வளர்த்த தன்னார்வலர்கள் மூன்று பேருக்குப் பொன்னாடை போர்த்தி மடல் கொடுப்பதென்று நலச் சங்கத்தில் முடிவு செய்தார்கள். முதலாமவர் ஓய்வுபெற்ற அதிகாரி. மனு மேல் மனு போட்டு வேலி வாங்கித் தந்தவர். இரண்டாமவர் மரக்கன்றுகளை வாங்கிக் கொடுத்தவர். மூன்றாவது ஓர் அக்கா.

“அவங்களுக்கு ரெண்டு வரி போதும் மேடம்” என்றார் பேசியவர். “தினம் தண்ணி ஊத்துறாங்க, கூட்டுறாங்க. அதுக்கு மேல எழுத என்ன இருக்கு?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முதல் இரண்டு மடலும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. மனு கொடுத்த தேதி, வேலி வந்த தேதி, கன்றுகளின் எண்ணிக்கை என்று எழுதுவதற்குச் செய்தி இருந்தது. மூன்றாவதற்கு உட்கார்ந்தபோதுதான் அவர் சொன்னது ஒருவகையில் சரி என்று தெரிந்தது. தினம் தண்ணீர் ஊற்றினார். அடுத்த வரி? மறுநாளும் ஊற்றினார். நம்மிடம் இருக்கும் புகழ்ச்சி மொழி எல்லாம் தொடங்கியவருக்கும் முடித்தவருக்கும் ஆனது. திறந்தார், நிறுவினார், வென்றார், பெற்றுத் தந்தார். நடுவில் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு வினைச்சொல் இல்லை. அடுப்படியில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சோறு வடித்ததை யாரும் சாதனைப் பட்டியலில் எழுதுவதில்லை, வடிக்காத நாள்தான் செய்தி.

எழுத ஓடாததால் விடியற்காலை ஐந்தரைக்குப் பூங்காவுக்குப் போனேன். அக்கா எனக்கு முன்பே அங்கே இருந்தார். தெருமுனை அடிபம்பிலிருந்து இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி. கோடையில் இருபது நடை, மற்ற மாதங்களில் பத்துப் பன்னிரண்டு. தண்ணீருக்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது: இரவில் குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் சில்லுகளைப் பொறுக்குவது. அதைக் கையால்தான் செய்ய வேண்டும், துடைப்பத்தில் வராது. பதினொரு வருடமாகச் செய்கிறாராம். வீட்டில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். ஏழு மணிக்கு மேல் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும்.

“ஏன்க்கா செய்றீங்க?” என்று கேட்டேன். இதைவிட மோசமாக ஒரு கேள்வியைக் கேட்க முடியாது. ஆனாலும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: “வீட்டுக்காரர் இருந்தப்போ, அவருக்கு அப்புறம், எப்பவுமே நான் சும்மா வெளிய வந்து உக்கார முடியாது டீச்சர். சும்மா உக்காந்தா எவளுக்கு வேலை இல்லன்னு கேப்பாங்க. கையில குடம் இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க.”

மும்பையை வைத்து மூன்று பெண்கள் எழுதி 2011இல் வெளிவந்த ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூலை நான் வகுப்பில் பலமுறை பேசியிருக்கிறேன். பெண் பொதுவெளியில் இருக்க வேண்டுமென்றால் ஒரு காரியத்தைக் காட்டியாக வேண்டும், காரியமில்லாமல் திரியும் உரிமைதான் கேட்க வேண்டிய உரிமை என்பது அந்த நூலின் வாதம். அடிபம்புக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவே நின்றபோது அதை நான் முதல்முறையாகப் படித்தது போலிருந்தது. குடம் அவருக்கு அனுமதிச் சீட்டு. மார்கழியில் நம் ஊர்ப் பெண்கள் விடியுமுன் சாணி தெளித்துக் கோலம் போட வாசலுக்கு வருவார்களே, சித்திரை வீதி உத்திர வீதி முழுக்க, அந்த அரை மணி நேரமும் அப்படிப்பட்டதுதான். கையில் கோலப்பொடி இருக்கும்வரை தெரு நம்முடையது. டப்பாவை மூடியதும் உள்ளே.

அப்படியானால் தன்னார்வம் என்ற சொல்லை அவர்மேல் எப்படிப் போர்த்துவது? தன், ஆர்வம். முதல் பாதியே சிக்கல். அவர் செய்ததில் எது ‘தன்’, எது வீட்டு வேலையின் நீட்சி, எது வெளியே வருவதற்குக் கொடுத்த விலை? பிரித்துப் பார்க்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். பிரிக்க முடியாது என்பதற்காக அதில் அவருடைய ஆர்வம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்தப் புங்க மரங்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறியது. எது எந்த வருடம் காற்றில் சாய்ந்தது, எதற்கு முட்டுக் கொடுத்தது எல்லாம் தெரியும். பெண்ணின் உழைப்பைப் பற்றி எழுதும் என்னைப் போன்றவர்கள் சுரண்டல் என்ற சொல்லை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிடுகிறோம். அந்த மகிழ்ச்சியை என்ன செய்வது என்று நமக்குத் தெரிவதில்லை.

பழைய சொல் தொண்டு. இன்று தொண்டர் என்றால் கொடிக்கம்பம் நடுபவர். பக்தி இலக்கியத்தில் தொண்டுக்கும் அடிமைக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. அடியாராக இருப்பதை விரும்பி ஏற்பதுதான் அங்கே பெருமை. எங்கள் ஊரிலேயே அதற்குச் சான்று உண்டு. அரங்கனுக்கு நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தவர் தன் பெயரையே தொண்டரடிப்பொடி என்று வைத்துக்கொண்டார். சைவத்தில் திருநாவுக்கரசர். அவர் சிலையை எந்தச் சிவன் கோயிலிலும் எளிதில் கண்டுபிடித்துவிடலாம், உழவாரம் இருக்கும். கோயில் பிரகாரத்தில் புல் செதுக்கும் கருவி. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் சுத்தம் செய்யப் போகும் குழுக்கள் அதை உழவாரப் பணி என்றுதான் சொல்கின்றன.

ஆனால் அந்தப் பணியை அவர் யாரிடம் கண்டார்? அவருடைய அக்கா திலகவதியாரிடம். பெரியபுராணத்தில் மணம் பேசியவர் போரில் இறந்துபோக, தம்பிக்காகவே உயிர் தரித்து, திருவதிகைக் கோயிலில் விடியுமுன் கூட்டுவதும் மெழுகுவதும் பூப்பறித்து மாலை கட்டுவதுமாக இருந்தவர் திலகவதியார்தான். சூலை நோயோடு தம்பி திரும்பி வந்தபோது அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனதும் துடைப்பமும் சாணமும் தண்ணீர்க் குடமும் கையில் இருந்த அதே விடியற்காலையில்தான். சேக்கிழார் அந்தத் துடைப்பத்துக்கே ‘திரு’ சேர்த்துத் திருவலகு என்கிறார். இவ்வளவும் இருந்தும், பிரகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரில் திலகவதியார் இல்லை. தம்பி கையில் இருந்த உழவாரம் அடையாளமானது. அக்கா கையில் இருந்த துடைப்பம் துடைப்பமாகவே நின்றுவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “அவங்களுக்கும் ரெண்டு வரி போதும்னு நெனச்சிருப்பாங்க மேம்” என்றாள். இல்லை, இதை நானே இப்போது இட்டுக்கட்டுகிறேன். எந்த மாணவியும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துடைப்பத்துக்குத் திரு சேர்ப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருப்பதை அம்மா மண்டபம் படித்துறையில் கற்றுக்கொண்டேன்.

ஆடிப்பெருக்கன்று அங்கே நிற்க இடம் இருக்காது. காப்பரிசி, கருகமணி, காதோலை, பழைய தாலிக்கயிறு, மஞ்சள், பூ, தேங்காய், எல்லாம் காவிரிக்கு. மறுநாள் காலை படிகளைப் பார்க்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகளை ஒருமுறை நான் அங்கே சுத்தம் செய்ய அழைத்துப் போனேன். கையுறை, முகக்கவசம், பிளக்ஸ் எல்லாம் உண்டு. இரண்டு மணி நேரம் உண்மையாகவே உழைத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். குப்பையைச் சாக்குகளில் கட்டிப் படியோரம் அடுக்கினோம். அங்கே வழக்கமாக வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “போதும் மேடம், அப்படியே வெச்சிட்டுப் போங்க. தூக்குறது நாங்க தூக்கிக்கிறோம்” என்றார். நாங்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மாணவிகளுக்குச் சான்றிதழ் வந்தது.

ஒரே படித்துறை, ஒரே குப்பை. குனிந்து எடுத்த மாணவிக்குச் சான்றிதழ், குனிந்தே இருப்பவருக்கு ஒப்பந்தக்காரர் தரும் நாட்கூலி. இருவருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், மாணவியால் அடுத்த வாரம் வராமல் இருக்க முடியும். நாம் தன்னார்வலரைப் பாராட்டும்போது உண்மையில் அவருடைய அந்தச் சுதந்திரத்தைத்தான் பாராட்டுகிறோம். செய்யத் தேவையில்லாதவர் செய்தாரே என்று வியக்கிறோம். அந்த வியப்புக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. செய்ய வேண்டியவர்கள் என்று ஒரு கூட்டத்தை ஏற்கெனவே மனத்தில் ஒதுக்கிவிட்டால்தான் மற்றவர் செய்வது வியப்பாக இருக்க முடியும்.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்கும் நூலில் இந்த இடத்தைத்தான் தொட்டார். மலம் அள்ளுவதை உயர்ந்த சேவை என்று புகழ்ந்து, அதையே பரம்பரையாகச் செய்பவர்கள் பெருமையோடு தொடர வேண்டும் என்று சொல்வதைப்போலக் கொடுமை வேறில்லை என்பது அவர் வாதம். புகழ் அங்கே பூட்டாகிறது. தமிழ்நாட்டில் 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாற்றப்பட்டது. அந்த நோய்க்காலத்தில் அவர்களுக்கு மாலை போட்டார்கள், பூத்தூவினார்கள், முன்களப் பணியாளர் என்றார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே, தங்கள் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுப் பல நாள் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நள்ளிரவில் கைது செய்து அகற்றினார்கள். மறுநாள் அவர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அரசு அறிவித்தது. கேட்டது வேலை, கிடைத்தது இட்லி என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

என் ஊரின் வேறொரு கதையையும் சொல்ல வேண்டும், அதில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது.

திருச்சியின் கல்மந்தைப் பகுதி, திறந்தவெளியில் மலம் கழிப்பது இல்லாத இந்தியாவின் முதல் குடிசைப் பகுதி என்று 2000களின் தொடக்கத்தில் பெயர் பெற்றது. கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் அதற்குப் பின்னால் இருந்தது. பொதுக் கழிப்பறை நம் ஊர்களில் கட்டிய ஆறு மாதத்தில் யாரும் நுழைய முடியாதபடி ஆவது வழக்கம். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், அதை நடத்தும் பொறுப்பு அந்தப் பகுதிப் பெண்கள் குழுவிடம் இருந்தது. முறைவைத்து வாசலில் உட்கார்ந்து சில்லறை வசூலித்தார்கள், சுத்தம் பார்த்தார்கள், கணக்கு எழுதினார்கள். திருச்சியில் பிற குடிசைப் பகுதிகளுக்கும் அந்த முறை பரவியது.

இதை நான் கழிப்பறைக் கதையாக மட்டும் பார்க்கவில்லை. அதற்கு முன் அந்தப் பெண்களுக்கு வெளி என்றால் என்ன? இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, பிறகு பயந்து பயந்து போய்வரும் ஒதுக்குப்புறம். அதே பெண்கள் தெருவில், விளக்கு வெளிச்சத்தில், மேசை நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள். ஆண்கள் அவர்கள் கையில் காசு கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் பூங்கா அக்காவின் குடத்துக்கும் அந்த நோட்டுக்கும் உள்ள தூரம் பெரிது. குடம் வெளியே நிற்க அனுமதி தருகிறது. நோட்டு கேள்வி கேட்கும் உரிமையைத் தருகிறது.

2022இல் கிராமாலயாவை நிறுவிய எஸ். தாமோதரனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சூழல்காப்புக் கழிப்பறைகளுக்காக உழைத்த ஸ்கோப் நிறுவனத்தின் மராச்சி சுப்புராமனுக்கு. இருவரும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள், இருவருக்கும் தகுதி உண்டு, எனக்கு அதில் மறுப்பில்லை. 2016இல் மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் திருச்சி மூன்றாவது இடம் பிடித்தபோது நாங்கள் எல்லாரும்தான் மகிழ்ந்தோம். என் கவலை சான்றிதழின் அமைப்பைப் பற்றியது. அதில் பெயர் எழுத ஒரு கோடுதான் இருக்கிறது. முறைவைத்து உட்கார்ந்த நூற்றுக்கணக்கான பெண்களின் பெயரை ஒரு கோட்டில் எழுத முடியாது. தொடங்கியவர் ஒருவர், தொடர்ந்தவர்கள் பலர். ஒற்றைப் பெயரைக் கேட்கும் எந்த விருதும் தொடங்கியவரிடமே போய்ச் சேரும்.

இவ்வளவும் யோசித்த பிறகு எனக்கு ஒரு தீர்மானம் வந்தது. பொன்னாடையே வேண்டாம், அந்தக் காசில் பூங்காவுக்கு ஒரு குழாய் போடச் சொல்லலாம் என்று. மறுநாள் விடியற்காலை அக்காவிடமே சொன்னேன். அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குடத்தைக் கீழே வைத்தார். “ஏன் டீச்சர், நீங்க எத்தன மேடை ஏறியிருப்பீங்க? எனக்கு ஒரு தடவ ஏறணும்னு இருக்காதா? என் பேரன் கைதட்டிப் பாக்கணும்னு இருக்காதா? கொழாயும் வேணும். சால்வையும் வேணும். ஒண்ணு குடுத்தா ஒண்ணு கெடையாதுன்னு நீங்க ஏன் முடிவு பண்றீங்க?”

நான் வாயடைத்து நின்றேன். பொன்னாடைகள் அடுக்கிய பீரோ என் வீட்டில் இருக்கிறது. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் சலித்துக்கொள்ளும் வசதி எனக்கு இருக்கிறது. என் சலிப்பை அவருடைய அறமாக்கப் பார்த்தேன்.

அன்று முழுக்க எனக்கு மதுரைச் சின்னப்பிள்ளையின் நினைவாகவே இருந்தது. களஞ்சியம் இயக்கத்தில் கிராமத்துப் பெண்களைத் திரட்டியவர். கந்துவட்டிக்கு எதிராகச் சிறுசேமிப்பு, ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை என்று பொதுவில் இருந்ததைப் பொதுவாகவே வைத்திருக்கப் போராடியவர். 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. 2019இல் பத்மஸ்ரீ. 2024இல் அதே சின்னப்பிள்ளை, தனக்குச் சொன்ன வீடு இன்னும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் தமிழக முதல்வர் அவருக்கு வீடு கட்டித்தர ஆணையிட்டார்.

இந்தக் கதையை, காலில் விழுந்தார்கள், வீடு தரவில்லை என்று ஏளனமாகச் சொல்லி முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்ட பிறகு வேறு மாதிரி தெரிகிறது. வீடில்லாமல் எத்தனையோ லட்சம் கிழவிகள் இருக்கிறார்கள். சின்னப்பிள்ளை சொன்னது மட்டும் செய்தியானது ஏன்? அந்தப் பழைய படம் இருந்ததால். கௌரவம் அவருக்குக் கூரை தரவில்லை, ஆனால் கூரை இல்லை என்று சொன்னால் கேட்கும்படி ஒரு குரலைத் தந்தது. அதைவிட முக்கியம், அவர் அந்தக் குரலை அடகு வைத்துவிடவில்லை. இவ்வளவு கௌரவம் வாங்கிவிட்டு இன்னும் கேட்கலாமா என்று தயங்கவில்லை. கர்நாடகத்தின் சாலுமரத திம்மக்காவும் அப்படித்தான். குதூருக்கும் ஹுலிகலுக்கும் நடுவே கணவரோடு சாலையோர ஆலமரங்களை வளர்த்தவர். 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார். அதே ஆண்டு சாலையை அகலப்படுத்த அந்த மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலமைச்சரிடம் போய் முறையிட்டார்.

ஆகவே நான் கேட்க வேண்டிய கேள்வி பொன்னாடை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. போர்த்திய பிறகு அவர் இன்னும் உரக்கக் கேட்க முடிகிறதா, அல்லது அதுதான் மரியாதை செய்துவிட்டோமே என்று வாயை அடைக்கிறார்களா? ரிப்பன் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு முன்பு தூவிய பூக்கள் இரண்டாவது வகை. நலச் சங்கங்களின் மேடைகளும் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். குறிப்பாகப் பெண்களுக்கு. தியாகி என்று ஒருமுறை அழைத்துவிட்டால் அதற்குப் பிறகு அவள் கணக்குக் கேட்பது அசிங்கமாகிவிடுகிறது. அம்மாவைத் தெய்வம் என்று சொல்லிவிட்டு அவளுக்கு மாதவிடாய் நின்ற வருடத்தில் மூட்டுவலிக்கு மருத்துவரிடம் கூட்டிப்போகாத வீடுகள் எத்தனை.

அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகலிஸ், குழந்தை பெற்ற பிறகு தன் நாட்கள் முழுவதும் துடைப்பதிலும் கழுவுவதிலும் போவதைக் கண்டு, 1969இல் பராமரிப்பே கலை என்று ஓர் அறிக்கை எழுதினார். பிறகு நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் சம்பளமில்லாக் கலைஞராகச் சேர்ந்தார். 1979இல் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு, அந்தத் துறையின் 8,500 தொழிலாளர்களையும் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே தேடிப்போய் ஒவ்வொருவர் கையையும் குலுக்கி நன்றி சொன்னார். அவர்கள் சொன்ன குறைகளையும் கேட்டுக்கொண்டார். அவர்களை மேடைக்கு அழைக்கவில்லை, தான் போனார். காலில் விழுவதில் ஒரு நாடகம் இருக்கிறது, விழுந்தவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கை குலுக்கும்போது இருவரும் நின்றபடி இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கைகுலுக்கல் இன்னும் கடினம், தொட வேண்டுமே.

நம்மிடமும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பரிசில் கேட்டுப் போகிறார். அதியமான் அவரை நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். வறுமை பிடுங்கித் தின்னும் வீடு அவருடையது, மற்ற பாடல்களில் அதைச் சொல்லியும் இருக்கிறார். ஆனாலும் வாங்க மறுக்கிறார். அளவு போதவில்லை என்பதற்காக அல்ல, தன்னைப் பார்க்காமல் தந்ததற்காக. பதினெட்டு வருடமாக இந்தப் பாடலை நடத்துகிறேன். தன்மானம், புலவர் பெருமிதம் என்று குறிப்பு எழுதிப் போட்டிருக்கிறேன். ‘தினம் தண்ணி ஊத்துறாங்க, அதுக்கு மேல என்ன இருக்கு’ என்பது காணாமல் கொடுத்தனுப்பும் பரிசில் என்று அப்போதெல்லாம் தோன்றியதில்லை.

மூன்றாவது மடலை அன்றிரவு எழுதினேன். பழைய வடிவத்தில் புகழ்வதும் கேட்பதும் ஒரே பாட்டில் இருக்கும். சீட்டுக்கவியை எடுத்துப் பாருங்கள், புலவன் எனக்கு இன்னது வேண்டும் என்று நிமிர்ந்து கேட்பான். அதனால் தயக்கமில்லாமல் கணக்கை எழுதினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம் என்றால் வருடத்துக்கு 4,380. பதினொரு வருடத்துக்கு 48,180 குடம். கோடையைச் சேர்த்தால் இன்னும் மேலே போகும். பொறுக்கிய கண்ணாடிச் சில்லுக்குக் கணக்கில்லை, விரல்களில் தழும்பு இருக்கிறது. காற்றில் சாய்ந்த புங்கனை நிமிர்த்திய வருடம். அதன் கீழே: பூங்காவுக்குள் ஒரு குழாய், தெற்கு மூலையில் எரியாமல் கிடக்கும் விளக்கு, பாட்டில் பொறுக்க வாரத்தில் ஆறு நாளும் மற்ற வீடுகளிலிருந்து முறைவைத்து ஆள். எழுதி முடித்து அவரிடம் படித்துக் காட்டினேன். முறைவைத்து ஆள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “ஆம்பளைங்களும்னு போடுங்க.” போட்டேன்.

குடியரசு நாளன்று மேடையில் நானே படித்தேன். மடல் ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. இடையில் யாரோ மைக் பக்கம் வந்து நேரமாகிறது என்று சைகை செய்தார்கள். கைதட்டல் மற்ற இருவருக்குக் கிடைத்த அளவுதான். கேட்பது வந்ததும் கொஞ்சம் சலசலப்பு. பாராட்டு விழாவில் இதெல்லாம் எதற்கு என்று பின்னால் ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு அவர்கள் என்னை மடல் எழுதக் கூப்பிடவில்லை. அது பெரிய நிம்மதி என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அக்கா போன் செய்தார். குழாய் வந்துவிட்டதாம். தண்ணீர் ஆறு மணிக்குத்தான் திறந்துவிடுகிறார்கள், அதனால் ஏழு மணிக்கு மிஷினில் உட்கார முடியவில்லை, அதற்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். விளக்கு எரியவில்லை. முறைக்கு இரண்டு வீட்டிலிருந்து வருகிறார்கள், ஒருவர் ஆண், ஞாயிற்றுக்கிழமை மட்டும். போன வாரம் மாலை நான் அந்தப் பக்கம் போனபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குடம் இருந்தது. காலிக் குடம், குழாய் வந்த பிறகு அதற்கு அங்கே வேலை இல்லை. நான் அதைப் பார்த்ததைக் கவனித்தவர், காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, “உக்காருங்க டீச்சர்” என்றார்.